ஆறாம் வேற்றுமையில் ஒரு தகப்பன்

கணினி மூன்றாவது தடவையும் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. தக்சாயினி திரையைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். பிராங்பேர்ட்டில் ஒரு மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு அட்டை எடுத்துக் கொடுப்பது அவளுடைய மேசைக்கு உரியது. ஒரு நாலு வயதுப் பிள்ளையின் அட்டை இப்படி மூன்று வாரம் இழுபட்டதை அவள் கண்டதில்லை.

தகப்பனின் பெயர் ஓர்ன் ஐனார்சன். ஐஸ்லாந்துக்காரர், டார்ம்ஸ்டாட்டில் பொறியியலாளர். மகளின் பெயர் பிர்த்தா அர்னர்தோத்திர். தாயின் குடும்பப் பெயர் அதுவுமில்லை, இதுவுமில்லை. பிள்ளையின் குடும்பப் பெயர் தாய் தகப்பன் இருவரில் ஒருவருடையதோடாவது பொருந்த வேண்டும் என்பது கணினிக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட விதி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் ஓர்ன் என்று தெளிவாக இருந்தும் கணினி மசியவில்லை.

பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காதுக்குள் சிறு குழாய் வைக்க வைத்தியசாலையில் டெர்மின், நாள் குறித்தாயிற்று. அட்டை இல்லாவிட்டால் அந்த டெர்மின் வேறு யாருக்கோ போய்விடும்.

பிரிவுத் தலைவி எவ்லின் வந்து எட்டிப் பார்த்தாள்.

"தகப்பனின் குடும்பப் பெயரையே பிள்ளைக்கும் போட்டுவிடுங்கள். பிர்த்தா ஐனார்சன். ஒரு நிமிட வேலை."

தக்சாயினி ஓர்னுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

"ஐனார் என் அப்பா," என்றார் அவர், நிதானமான ஜேர்மனில். "ஐனார்சன் என்றால் ஐனாரின் மகன். அது நான். என் மகளுக்கு அதைப் போட்டால் அவள் எனக்குத் தம்பி ஆகிவிடுவாள்."

எவ்லின் இதைக் கேட்டுச் சிரித்தாள். தக்சாயினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கடவுச்சீட்டில் தக்சாயினி கிருஷ்ணமூர்த்தி என்றுதான் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி அவளுடைய அப்பாவைப் பெற்றவர். அவள் பிறக்க முன்பே கோப்பாயில் செத்துப்போனவர். ஜேர்மனிக்கு வந்த புதிதில் கெல்சென்கிர்ச்சனில் ஒரு அலுவலர் அப்பாவிடம் குடும்பப் பெயர் கேட்க, அவர் தன் தகப்பனின் பெயரைச் சொல்ல, அதுவே பிள்ளைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்தின்படி பார்த்தால் அவள் தன் அப்பாவுக்குத் தங்கச்சி.

அன்று மதியம் அப்பா சோதிலிங்கத்தோடு தொலைபேசியில் கதைக்கும்போது அதைச் சொல்லிக் குறைபட்டாள். அவர் அசையவில்லை.

"நான் என்ன செய்யிறது பிள்ளை? கேட்டாங்கள், சொன்னன். பேர் எண்டா கூப்பிடத்தானே."

"என்னை ஒருத்தரும் கிருஷ்ணமூர்த்தி எண்டு கூப்பிடேல்லையே அப்பா. கடுதாசியில மட்டும்தான்."

"அதுக்கு இப்ப என்ன? விடு."

விட அவளுக்கு ஏலாமல் இருந்தது. மேல்மாடிக்குப் போய்க் கணினிப் பிரிவிலிருந்த ரகுநாதனைப் பிடித்தாள். திருச்சிக்காரர், நாலு வருடம் முன்பு டார்ம்ஸ்டாட்டுக்குப் படிக்க வந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்.

"இது ஈஸிங்க," என்றார் அவர். "என் பாஸ்போர்ட்லயும் அப்பா பேர்தான் சர்நேம். சன், தோத்திர்னு முடிஞ்சா அந்த எண்டிங்கை வெட்டிட்டு, மிச்சத்தை அப்பா பேரோட கம்பேர் பண்ணச் சொல்றேன். நடுவுல ஒரு எஸ் வந்தா விட்டுடலாம்."

வெள்ளிக்கிழமை காலை விதி தயாரானது. சோதனைக்குப் போட்ட யோன், அவருடைய மகள் யோன்ஸ்தோத்திர், இருவரையும் கணினி தகப்பனும் மகளுமாக ஏற்றுக்கொண்டது. தக்சாயினி மளமளவென்று பிர்த்தாவின் பெயரைத் தட்டினாள். சிவப்புக் கட்டம் வந்தது. தோத்திர் போக மிச்சம் அர்னர். தகப்பனோ ஓர்ன்.

"அப்பா பேரே வேறயா இருக்கே," என்றார் ரகுநாதன்.

அவள் திரும்பவும் ஓர்னை அழைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஓர்ன் என்றால் அவர்கள் மொழியில் கழுகு. கழுகினுடைய என்று ஆறாம் வேற்றுமையில் சொல்லும்போது முதல் உயிரே மாறி அர்னர் ஆகிவிடுகிறது. தோத்திர், ஜேர்மன்காரர் தோஹ்டர் என்கிற அதே சொல், மகள்.

"வீடு எண்டுறம், வீட்டின் எண்டுறம். வீடுவின் எண்டோ சொல்லுறம்? அதுமாதிரித்தான்," என்றாள் ரகுநாதனிடம்.

"புரியுதுங்க. ஆனா ஒவ்வொரு பேரும் எப்படி மாறும்னு லிஸ்ட் வேணுமே. அதை சிஸ்டத்துல ஏத்த அப்ரூவல் வேணும். ரெண்டு மாசமாவது ஆகும்."

எவ்லினிடம் போய், கையால் அனுமதித்துவிடலாமே என்று கேட்டாள். அதற்கு இரண்டாவது கையொப்பம் தேவை. கையொப்பமிடுகிறவர் விடுமுறையில், புதன்கிழமைதான் வருவார். தக்சாயினி ஒரு பக்கத்தில் ஓர்ன், அர்னர் கதையை எழுதி, சான்றிதழையும் சேர்த்து நீட்டினாள். எவ்லின் இரண்டு வரி வாசித்தாள்.

"இது இலக்கணம். எங்களுக்கு வேண்டியது அத்தாட்சி."

"பேரே அத்தாட்சிதானே. ஓர்னின் மகள் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறதே," என்றாள் தக்சாயினி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவ்லின் தாளை அவளிடமே திருப்பி வைத்தாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு ஓர்னே அழைத்தார்.

"ஐனார்சன் என்றே போடுங்கள். பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும். பிறகு திருத்துவோம்."

அவள் போட்டாள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பிழையானதைக் கணினி மறுபேச்சில்லாமல் விழுங்கிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. புதன்கிழமையே தக்சாயினி பெயர் திருத்த அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டாள். பத்து நாளில் திரும்பி வந்தது. பெயர் மாற்றத்துக்கான காரணம் குறிக்கப்படவில்லையாம்: திருமணமா, விவாகரத்தா, தத்தெடுப்பா? நாலு வயதுப் பிள்ளை. அவள் மூன்றையும் வெட்டிவிட்டு, ஓரத்தில் "பெயர் மாறவில்லை, நாங்கள்தான் மாற்றினோம்" என்று எழுதி அனுப்பினாள். அதற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, படிவத்தின் ஓரத்தில் எழுதக்கூடாது என்று.

அவள் ஓயவில்லை. ஓர்னின் உதவியோடு நூற்று நாற்பது ஐஸ்லாந்துப் பெயர்களுக்கு வேற்றுமைப் பட்டியல் தயாரித்தாள், அரைவாசி வீட்டிலிருந்து. பதினோராவது வாரம் பட்டியல் கணினியில் ஏறியது. பிர்த்தா அர்னர்தோத்திர் என்ற பெயரில் புதிய அட்டை போனது. ரகுநாதன் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, "இனி எந்தப் பேர் வந்தாலும் முடிவைப் பார்த்தே கண்டுபிடிச்சுடும்ங்க," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுகிழமை அயர்லாந்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பனின் குடும்பப் பெயர் ஓ ப்ரியன், மகளுடையது நீ வ்ரியன். சிவப்புக் கட்டம். தாய் முன்யோசனையோடு ஒரு கடிதம் இணைத்திருந்தாள்: ஓ என்றால் பேரன், அந்த வழியில் வந்தவன், நீ என்றால் அந்த வழியில் வந்தவரின் மகள். நீ என்பதற்குப் பின்னால் வரும் பெயரின் முதல் எழுத்து இளகும். பி-க்குப் பக்கத்தில் ஒரு எச் சேர்ந்து, வாயில் அது வ ஆகும்.

தக்சாயினி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். கணினிக்குப் பெயரின் முடிவைப் பார்க்கப் பழக்க மூன்று மாதம் போனது. இவர்கள் பெயரைத் தொடக்கத்தில் மாற்றுகிறார்கள்.

எவ்லின் அந்தப் பக்கமாக வந்தாள். "தகப்பனின் பெயரையே போட்டுவிட்டால்?" என்று தொடங்கினாள்.

"ஏலாது," என்றாள் தக்சாயினி, தமிழிலேயே. பிறகு ஜேர்மனில் அதைச் சொல்ல மினக்கெடாமல், புதிய அன்ட்ராக் ஒன்றைத் திறந்து முதல் கட்டத்தை நிரப்பத் தொடங்கினாள்.