குச்சி ஐஸ் ஆன ஆட்டு ரத்தம்

போன வருடம் சித்திரை வெயிலில், எண்ணூர்ப் பக்கம் காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்த கதை இது. நான் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஐம்பதைத் தாண்டியவன். ‘எனக்குத் தெரியாதா?’ என்பது என் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டே இருக்கும். மனைவி நான்கு வெள்ளாடுகள் வளர்க்கிறாள். வீட்டில் என்னைவிட அவற்றுக்குத்தான் மரியாதை.

அதில் ஒரு சினை ஆடு, மாதம் நிறையும் முன்பே குட்டி போட்டுவிட்டது. குட்டி பிழைக்கவில்லை. பாதியில் சிக்கியதை வெறுங்கையால் இழுத்தெடுத்தவன் நான்தான். அந்த வீரத்தை இரண்டு நாள் டீக்கடையில் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆட்டைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கையில கிளவுஸ் போட்டிருந்தீங்களா?”

இப்படிக் கரு கலைவதற்குத் தொற்றுநோய் காரணமாக இருக்கலாம். அதில் சிலது மனிதருக்கும் வரும். கர்ப்பிணிகள் கிட்டேயே வரக்கூடாது என்றார். நான்கு ஆடுகளுக்கும் வீட்டிலேயே ரத்தம் எடுத்து சோதனைக்கு அனுப்பலாம், நீங்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள் என்றார்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம். இன்னும் பத்து நாளில் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். சோதனை முடிவு நல்லபடியாக வராவிட்டால் அவளை எப்படி உள்ளே அழைப்பது?

மறுநாள் காலை டாக்டரம்மா ஊசி, கண்ணாடிக் குழாய்களோடு வந்தார். ஆட்டைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

“எட்டு இஞ்ச் பைப்பயே ஒத்தக் கையால புட்ச்சிக்கினு நிப்பேன் மேடம். ஆடு இன்னா ஆடு!”

ஆட்டைச் சுவரோரமாகக் கால்களுக்கிடையில் இடுக்கி, தாடையைப் பிடித்து முகத்தை மேலே, ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். டாக்டரம்மா ஆட்டின் கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்தினார். நரம்பு புடைத்தது. ஊசி இறங்கியது. குழாயில் ரத்தம் ஏற ஏற என் இரண்டு முழங்கால்களும் தனித்தனியாக முடிவெடுக்க ஆரம்பித்தன. ஆடு அசைபோட்டபடி நின்றது.

“மேடம், ஆட்ட வுடுங்க. மொதல்ல இந்தாள புடிங்க, வுயுந்துடப் போறாரு,” என்றாள் மனைவி.

எப்படியோ நான்கும் முடிந்தது. டாக்டரம்மாவுக்கு வேறு இடத்திலிருந்து அவசர அழைப்பு. “இத நிழல்ல ஆட்டாம நிமித்தி வைங்கண்ணா. ரெண்டு மணி நேரம் கழிச்சு அப்படியே நம்ம கால்நடை மருந்தகத்துல கொண்டுவந்து குடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிழலா? இந்த வெயிலில் வெறும் நிழல் எதற்குக் காணும்? எங்கள் ஊரில் வஞ்சிரமே ஐஸ் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது. மச்சானின் மீன் பெட்டியை வாங்கி வந்தேன். ஐஸை உடைத்துக் கொட்டி, குழாய்களைக் கழுத்து வரை புதைத்து, மேலே இரண்டு கை கல்லுப்பும் தூவினேன். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும் என்பது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

மருந்தகத்தில் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது பூனை. பிறகுதான் டாக்டரம்மா. ஒரு குழாயை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

“என்னண்ணா இது, குச்சி ஐஸா?”

ரத்தம் கட்டி தட்டியபின் மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் சோதனை செய்வார்களாம். இப்படிப் பனிக்கட்டியாகிவிட்டால் அணுக்கள் உடைந்து நீரும் சிவந்துவிடுமாம். நான்கும் வீண். மறுபடி எடுக்க வேண்டும்.

மகள் வர ஒன்பதே நாள்தான் இருந்தது. “வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க மேடம்,” என்று கும்பிட்டேன். மனைவியிடம், சோதனை மெஷின் ரிப்பேர் என்று ஒரு கதை விட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா ஸ்கூட்டரில் திரும்ப வந்தார். அவர் தலையைப் பார்த்ததும் ஆடுகள் நான்கும் தெருக்கோடி வரை ஓடின. துரத்திப் பிடித்து வருவதற்குள் எனக்கு நுரை தள்ளிவிட்டது.

“மெஷின் சரியாயிடுச்சா மேடம்?” என்று மனைவி கேட்டாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மீன் பெட்டி மூலையில் கிடந்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

“ஆயிடுச்சும்மா,” என்றார்.

மனைவி விடவில்லை. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஊசி இறங்கும்போது, “வாயில்லா ஜீவன ரெண்டு தபா குத்த வெச்சிட்டானே, அந்த மெஷின பாக்குற சோமாறி! அவன் கை வெளங்குமா?” என்று திட்டிக்கொண்டே இருந்தாள். அந்த சோமாறி அவள் எதிரில் ஆட்டின் தாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

இரண்டு நாள் கழித்து என் முறை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கையில் ரப்பர் கட்டியதுமே நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மனைவி என்ன செய்தாள் தெரியுமா? என்னைச் சுவரோரமாக உட்கார வைத்து, என் தாடையைப் பிடித்து, முகத்தை மேலே, ஒரு பக்கமாகத் திருப்பினாள்.

“அசையாத. ஆடே சும்மா நின்னுச்சு.”

ஊசி தோலைத் தொட்டதும், யாரும் கேட்காமலே உண்மை வெளியே வந்துவிட்டது. “மெஷின்லாம் ரிப்பேர் இல்லடி! நாந்தான் ரத்தத்த ஐஸ்ல போட்டேன்! உப்பு கூட போட்டேன்!”

தாடையில் அவள் பிடி ஒரு கணம் இறுகியது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா ஊசியை எடுத்துவிட்டு, “அம்மா, கொஞ்சம் வெளிய போய் சிரிங்க,” என்றார்.

மகள் வருவதற்கு முந்தின நாள் ஆடுகளின் முடிவு வந்தது. நான்குக்கும் நோய் இல்லை. என்னுடையதும் அப்படியே. ஏதாவது முட்டு வாங்கிக் கரு கலைந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மகள் வந்தாள். இப்போது பேத்தி, ஆட்டைக் காட்டினால்தான் சோறு உண்கிறாள். நான் ‘எனக்குத் தெரியாதா?’ என்று ஆரம்பித்தால் மனைவி, “உப்பு எத்தினி கை?” என்பாள்.

நினைத்திருந்தால் டாக்டரம்மா அன்று வாசலிலேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். எரிகிற வெயிலில் இரண்டாவது முறை வந்தும் ‘ஆயிடுச்சும்மா’ என்ற ஒரே சொல்லில் அதைக் காப்பாற்றிவிட்டுப் போனார். இன்று என்னோடு வேலை செய்கிறவர் யாராவது தப்பு செய்துவிட்டுத் திருதிருவென்று விழித்தால், கத்தத் திறந்த என் வாயை அந்த ஒரு சொல்தான் மூடிவிடுகிறது.