கையில் இல்லாத விரிப்பு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘டான்ஸு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. அவளும் அதே வீட்டில் இருந்துகொண்டு, அதே கூடத்தில்தான் வேலை பார்த்தாள். முப்பத்தாறு வயதில் அண்ணி பல்கலைக்கழகத்தில் நாட்டியத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள் என்ற செய்தியை, சேர்ந்த மறுநாள் காலை ஆறரை மணிக்குள் கொதிகலன் பார்க்கிறவர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவள்தான்.

“எங்க அண்ணி எம்.ஏ. டான்ஸுங்க. இனிமே விரிப்பைக்கூட ஒய்யாரமாத்தான் மடிப்பாங்க, பாருங்க.”

அதில் கேலி பாதி, பெருமை பாதி. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இருவருக்கும் வேலை ஒன்றுதான். வார்டுகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகள் துவைத்து உலர்ந்து, பெரிய உருளை இயந்திரத்துக்குள் புகுந்து சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மடிக்க வேண்டும். சுருக்கம் போக முதலில் வெடுக், வெடுக்கென்று இரண்டு இழுப்பு. அப்புறம் அகலத்தில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு ஒருத்தி மூன்றடி நடந்து போய்த் தன் முனையை எதிரே நிற்பவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்குகிற அடிமடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். விரிப்பின் ஒரு ஓரத்தில் நீல நூல் தைத்திருக்கும். நீல நூல் யார் கையில் இருக்கிறதோ அவள் நிற்க வேண்டும். மற்றவள் நடக்க வேண்டும். இப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆரம்பத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நடந்து தலையோடு தலை முட்டிக்கொண்டதில் தானாக வந்த ஏற்பாடு.

எட்டு வருஷமாக, ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. கை தன் பாட்டுக்கு மடிக்கும், வாய் வீட்டுக் கதை பேசும். இருவருக்குள் சண்டை வந்த அன்று மட்டும் மடிப்பு கோணும். ஒருத்தி கொஞ்சம் ஓங்கி இழுப்பாள், மற்றவள் வேண்டுமென்றே தளர விடுவாள். மேற்பார்வையாளர் அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார்: “என்னம்மா, இன்னைக்கு வீட்ல மழையா?”

அவள் ஏழு வயதில் ஆட ஆரம்பித்தவள். இருபது வயது வரை ஒரே டீச்சர். அவர் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஆடுவாள். பிறகு கல்யாணம், வேலை, சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. தபாலில் படித்து ஒரு டிகிரியும் வாங்கியிருந்தாள். மேல்படிப்புக்கு விண்ணப்பத்தை வாங்கி வந்தது மின்சார வேலை பார்க்கிற புருஷன். அதிகம் பேசாத மனிதர்.

“போய்ப் பாரேன். வேணாம்னு சொன்னாங்கன்னா திரும்பி வந்துடலாம். பஸ் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு.”

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முழுசாக வேண்டும் என்றும் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வில் பழைய உருப்படி ஒன்றை ஆடிக் காட்டினாள். ஒரு பிசிறு இல்லை. ஆனாலும் படிப்பில் இடைவெளி அதிகம் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். முதல் பருவ முடிவில், தானே அமைத்த ஆட்டம் ஒன்றை ஏழு நிமிஷம் மூன்று தேர்வாளர்கள் முன்னால் ஆட வேண்டும். ஐம்பது மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் இடம் போய்விடும். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ‘ஆண்டவனே, இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டே, நடுவழியில விட்டுடாதே’ என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டாள்.

காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை சலவைக்கூடம். இரண்டு மணிக்கு வகுப்பு. மரத்தரை போட்ட நீளமான அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்கள். ‘கான்செப்ட்’ என்ற வார்த்தை இல்லாமல் அவர்களுக்குப் பேச்சு ஓடாது. அவள் நோட்டில் ‘கான்செப்ட்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

முதலில் மழையைப் பற்றி ஓர் ஆட்டம் அமைத்தாள். அப்புறம் ஆறு. அப்புறம் கூண்டுப் பறவை. பேராசிரியை மூன்றையும் பொறுமையாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அறை முழுக்கத் தேடுகிற பழக்கம் உள்ளவர். மனிதர்களைப் பார்ப்பதில் மட்டும் மறதி கிடையாது.

“சுத்தமா இருக்கும்மா. ஆனா இது உங்க டீச்சரோட கை. உங்க கை எங்கே?”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். சூட்டில் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தன. மழையை நினைத்தாலும் டீச்சர் காட்டிய மழைதான் கைக்கு வந்தது. தனக்கென்று மனசில் ஒன்றுமே இல்லையோ என்று பயந்தாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டில் சண்டை வந்தது. வகுப்பு முடிந்து அவள் வீடு வர ஏழு மணி ஆகிவிடும். சாயங்காலச் சமையல் மொத்தமும் நாத்தனார் தலையில் விழுந்திருந்தது. ஒரு நாள் அவள் கரண்டியை மேடையில் வைத்த சத்தம் வாசல் வரை கேட்டது.

“நீங்க அங்க போய் ஆடுறீங்க அண்ணி. நான் இங்க அடுப்பு முன்னாடி ஆடுறேன். எனக்கு யார் மார்க் போடுறது?”

“ஒரு பருவம்தானே, பொறுத்துக்கக் கூடாதா?”

“பொறுத்துக்கத்தான் செய்யறேன். பொறுத்துக்கிட்டே இருக்கேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

புருஷன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் சலவைக்கூடத்தில் விரிப்பெல்லாம் கோணல். மேற்பார்வையாளர் அடுக்கைப் பார்த்தார், “மழை இல்ல, புயல்” என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அன்றைக்கு வகுப்பில் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, மெதுவாக நடந்து நெருங்கி, தொடாமல் திரும்ப வேண்டும். அவளுக்கு ஜோடி, முன்பு கைப்பந்து விளையாடிய ஓர் உயரமான பெண். அண்ணிக்கோ உடம்பு அலுப்பு, மனசு பூராவும் முந்தின நாள் சண்டை. நடந்தாள். நெருங்கினாள். அந்தப் பெண்ணின் முன்னால் போனதும் இரண்டு கையையும் நீட்டி அவள் கையில் எதையோ கொடுத்தாள். குனிந்து, தொங்காத ஒன்றைப் பிடித்தாள். மூன்றடி பின்னால் வந்து வெடுக், வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுத்தாள்.

அறை முழுக்கச் சிரிப்பு. அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

“மன்னிச்சுக்கங்க மேடம். பழக்க தோஷம்.”

பேராசிரியை சிரிக்கவில்லை. “மறுபடி செய்யுங்க.”

செய்தாள்.

“இதை எந்த டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க?”

“டீச்சர் யாரும் இல்லைங்க. நானும் என் நாத்தனாரும் விரிப்பு மடிக்கிறது.”

“ரெண்டாவது இழுப்பு ஏன் அவ்வளவு ஓங்கி?”

அவள் தயங்கினாள். “நேத்து சண்டைங்க.”

பேராசிரியை தலையிலிருந்த கண்ணாடியைத் தானாகவே கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். “இன்னும் மூணு வாரம் இருக்கு” என்றார்.

மறுநாள் முதல் சலவைக்கூடத்தில் தன் கையைத் தானே கவனிக்க ஆரம்பித்தாள். இழுப்பு ரெண்டு, மடிப்பு ரெண்டு, நடை மூணு என்று மனசுக்குள் தாளம் போட்டாள். அவ்வளவுதான், எட்டு வருஷத்தில் நடக்காதது நடந்தது. விரிப்பு கை நழுவித் தரையில் விழுந்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்றையும் மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

“என்ன அண்ணி பண்றீங்க?”

“எண்ணிப் பார்த்தேன்.”

“எதுக்கு எண்ணுறீங்க? என்னைப் பாருங்க. நான் இங்கதானே நிக்கிறேன்.”

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் நோட்டைத் திறந்து, அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே ‘எண்ணக் கூடாது. அவளைப் பார்க்கணும்’ என்று எழுதினாள்.

கைப்பந்துப் பெண்ணோடு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். அந்தப் பெண் நல்லவள், அழகாக ஆடுவாள். அழகுதான் தொந்தரவு. விரிப்பைப் பிடிக்கும்போது விரல்கள் பூப்போல விரிந்தன. அப்படிப் பிடித்தால் சூட்டு விரிப்பு ஒரு நொடி கையில் நிற்காது. தாளம் வந்தால் இழுப்பாள். எதிரே நிற்பவள் தயாரா என்று பார்க்க மாட்டாள். நாத்தனார் எப்போதும் பார்ப்பாள், எவ்வளவு கோபத்திலும்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தானும் நறுக்க ஆரம்பித்தாள்.

“இத்தனை நாளும் நீ பொறுத்துக்கிட்டே. நான் சொல்லியிருக்கணும், சொல்லாதது தப்புதான்.”

நாத்தனார் ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன வேணும், நேரா சொல்லுங்க.”

சொன்னாள்.

“நானா? நான் ஆடினா தரைதான் ஆடும் அண்ணி.”

“நீ ஆட வேண்டாம். மடிச்சா போதும். கூட யார் வேணா ஆடலாமாம், அமைக்கிறது மட்டும் நானா இருக்கணுமாம். கேட்டுட்டேன்.”

“அத்தனை பேர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எனக்குக் கையே வராது.”

“அப்போ பார்க்காதே. முதுகைக் காட்டிக்கிட்டு நில்லு.”

பிறகு நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். “சரி. ஞாயித்துக்கிழமை சமையல் இனிமே உங்களுது. பருவம் முடிஞ்சப்புறமும்.”

“என்னுது.”

“கரிச்சாலும் உங்களுதுதான்.”

தேர்வு நாளில் நாத்தனார் வேலைக்குப் போட்டுவரும் அதே நீலச் சட்டையில், அதே ரப்பர் செருப்பில் வந்தாள். செருப்பை மட்டும் கழற்றச் சொன்னார்கள். மூன்று தேர்வாளர்கள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி தரையைத் தொட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். ‘என் கையை நீ பிடிச்சுக்கோ’ என்று மட்டும் வேண்டினாள்.

முதலில் நிஜ விரிப்பு. மேசையிலிருந்தவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நாத்தனார் நின்றாள், நீல நூல் அவள் கையில். இசை கிடையாது, துணியின் சத்தம்தான். ஒன்று மடித்தார்கள், இரண்டு மடித்தார்கள். மூன்றாவது விரிப்பு கையில் இல்லாத விரிப்பு. அதே இழுப்பு, அதே மடிப்பு, அதே மூன்றடி. பிறகு அது பெரிதாக வேண்டும், அறை முழுக்கப் பரவ வேண்டும், நடுவில் சண்டை வர வேண்டும். அப்படித்தான் அமைத்திருந்தாள்.

பாதியில் அவள் பார்வை மேசைப் பக்கம் போனது. ஒரு தேர்வாளர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். பழைய சிரிப்பு ஒன்று தானாக வந்து உதட்டில் உட்கார்ந்தது. விரல்கள் விரிந்தன. புருவம் ஏறியது. டீச்சரின் கை வந்துவிட்டது. வந்தது தெரிந்தும் அவளால் அதை விட முடியவில்லை.

நாத்தனாருக்கு நாட்டியம் தெரியாது. ஆனால் அண்ணியின் கவனம் விரிப்பில் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று எட்டு வருஷமாகத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் சலவைக்கூடத்தில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். கையில் இல்லாத அந்த விரிப்பை வெடுக், வெடுக்கென்று ஓங்கி இழுத்தாள்.

அண்ணி தடுமாறி இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். சும்மா அல்ல, நிஜமாகவே தடுமாறினாள். தலையைத் தூக்கினால் எதிரே நாத்தனாரின் முகம். ‘நான் இங்கதானே நிக்கிறேன்’ என்கிற முகம். உதட்டிலிருந்த சிரிப்பு போய்விட்டது. விரல்கள் மூடின. இவளும் ஓங்கி ஒன்று இழுத்தாள். அப்புறம் மேசை இருந்த ஞாபகமே அவளுக்கு வரவில்லை. கடைசியில் மூன்றடி நடந்து போய், இல்லாத விரிப்பை நாத்தனார் கையில் கொடுத்தாள். நாத்தனார் அதை வாங்கி, மார்போடு அணைத்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, அடுக்கின் மேல் வைத்தாள். வேலையில் தினமும் செய்கிறதுதான்.

எழுதிக்கொண்டிருந்த தேர்வாளர் கேட்டார்: “நடுவுல அந்தத் தடுமாற்றம் நல்லா இருந்தது. எப்படி அமைச்சீங்க?”

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. “அமைக்கலைங்க. நான் எங்கேயோ போயிட்டேன். அவ இழுத்தா.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பேராசிரியை கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அறுபத்தொன்று. நிபந்தனை நீக்கப்பட்டது என்று எதிரே எழுதியிருந்தது. தேர்வாளர் குறிப்பைப் பேராசிரியை படித்துக் காட்டினார்: நடுப்பகுதி நீளம், முடிவு நன்று, அந்தத் தடுமாற்றத்தை அடுத்த முறை அவராகவே கொண்டுவரக் கற்க வேண்டும்.

“அதுக்குத்தாம்மா இன்னும் மூணு பருவம் இருக்கு” என்றார் பேராசிரியை.

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் உருளை சுழல ஆரம்பித்ததும் முதல் விரிப்பு வந்தது. நீல நூல் நாத்தனார் கையில். அண்ணி நடந்தாள். முதல் நூறு முடிந்ததும் மேற்பார்வையாளர் அடுக்கைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு முனைகூடக் கோணவில்லை.

“என்ன டான்ஸு, புயல் ஓஞ்சுதா? சமாதானமா?”

அண்ணி சிரித்துக்கொண்டு அடுத்த விரிப்பைப் பிடித்தாள். பதிலை நாத்தனார் சொன்னாள், அவரைத் திரும்பிப் பார்க்காமலே.

“அது ஞாயித்துக்கிழமை சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தாங்க சொல்ல முடியும்.”