மேரிக்குக் கொண்டுபோன தாழம்பூ

எங்கள் ஊருக்கு அக்கரை என்று பெயர். நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் அல்ல. வடக்கே இருந்த காரைக்கால்காரர்களும் எங்களை அக்கரை என்றார்கள், தெற்கே இருந்த தமிழ்நாட்டுக்காரர்களும் அக்கரை என்றார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இரண்டு பேருக்கும் அக்கரையாக இருந்த எங்கள் ஊரில் தாழம்புதரைத் தவிர எதுவும் பச்சையாக இருந்ததில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஆறுதான் எல்லை, ஊர் வடகரையில் இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் ஆறு புரண்டு, ஊருக்கு வடக்கே புது வழி பிடித்துக்கொண்டது. பழைய ஆறு தெற்கே உப்பங்கழியாகக் கிடந்தது. நடுவில் நாங்கள், கொஞ்சம் கூரை வீடுகள். இப்போது ஓடுகிற ஆறுதான் எல்லை, நீங்கள் தமிழ்நாடு என்பார்கள் வடக்கே. பழைய ஆறுதான் எல்லை, நீங்கள் காரைக்கால் என்பார்கள் தெற்கே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

எழுபதுகளின் கடைசியில் ஒரு புயலில் கடல்தண்ணீர் ஏறி எங்கள் குளம் உப்பாகிப்போனது. வடகரையில் குழாய் போட்டிருந்தார்கள். அங்கே எல்லாரும் பிடித்து முடித்தபின் எங்களுக்கும் ஒரு குடம் விடுவார்கள். ஆறு ஏறிவிட்டால் அதுவும் இல்லை, குளத்துத் தண்ணீர்தான். என் தம்பி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அந்தத் தண்ணீர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றால் போய்ப்போய், தவழ்வதை மறந்து படுத்தே கிடந்தான்.

குழாயை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துத் தரச்சொல்லி அப்பா வாராவாரம் காரைக்காலுக்குப் போய்வந்தார். வந்ததும் அம்மா கேட்பாள்.

"மேரி என்னங்க சொல்லுது?"

"அது எங்க எறங்குது!"

எனக்குத் தெரிந்த மேரி, வடகரைப் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ஒருவர்தான். அவரும் லேசில் இறங்கமாட்டார். ஆனால் பூ கொடுத்தால் இறங்கிவிடுவார். அப்பா பாவம், வெறுங்கையோடு போய் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். புதருக்குள் நுழைந்து, கையெல்லாம் முள் கீற, ஒரு தாழம்பூ பறித்துவந்தேன். அடம்பிடித்து அடுத்த முறை கூடவே கிளம்பினேன். அப்பா என்னைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்தார். நான் பூவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் போய் இறங்கினால், அது ஒரு பழைய ஆபீஸ். மேசைக்குப் பின்னாலிருந்தவர் நிமிராமலே பேசினார்.

"ஆறு நகந்துட்டா நாங்க என்னய்யா பண்றது? அந்தப் பக்கம் போய்க் கேளுங்க."

"அங்க கேட்டா, நீங்க பிரெஞ்சுக்காரன் ஊருங்கறாங்கய்யா. கைப்புள்ள ஒண்ணு கெடக்குது. தண்ணிதான் கேக்குறோம்."

அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். நான் முன்னால் போய், "மேரியம்மா எங்க இருக்காங்க? அவங்கள்ட்ட நான் கேக்குறேன்" என்றேன்.

அறையே சிரித்தது. பியூன் சுவரைத் தட்டிக் காட்டினார். "இதாம் பாப்பா மேரி. ஆபீசுக்கு பிரெஞ்சுல அப்புடித்தான் பேரு. பூவைக் கொடு, எங்க வீட்டுல வச்சுக்குவாங்க." பூவை அவரிடமே கொடுத்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே சுவராக இருந்தது. அப்பாவும் சிரித்தார், எல்லாரையும் விடச் சத்தமாக. ரொம்ப நாளைக்குப் பிறகு அவரைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கடுத்து மழை பிடித்தது, ஆறு ஏறியது. தம்பியை வடகரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வழியில்லை. தென்பக்கம் உப்பங்கழியும் ஆற்றோடு ஒன்றாகிக் கிடந்தது. அம்மாவின் மடியிலேயே அவன் அடங்கிப்போனான்.

"அந்த மேரி எம்புள்ளையக் கொன்னுட்டுதே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாவம், அம்மாவுக்கும் விஷயம் தெரியவில்லை என்று பக்கத்தில் போய், "அம்மா, மேரி பொம்பள இல்லம்மா. வெறும் ஆபீசு" என்று எடுத்துச் சொன்னேன்.

அழுகையை நிறுத்தி அம்மா என்னைப் பார்த்தாள்.

"தெரியும்டி. பொம்பளையா இருந்திருந்தா எறங்கியிருக்குமே."

அம்மா சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. பொம்பளைக்கு ஒரு பூ போதும், ஆபீசுக்கு நான் கொடுத்த பூ போதவில்லை என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன். மழை விட்டதும் மறுபடி தாழம்புதருக்குப் போனேன். இந்த முறை இரண்டு பறித்தேன்.