ஆக்ராவுக்குப் போகிற வழியில் பரளச்சி

1989 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு நாங்கள் அருப்புக்கோட்டையிலிருந்து ஆக்ராவுக்குப் புறப்பட்டோம். அன்று போய்ச் சேர்ந்தது பரளச்சி. பந்தல்குடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனால்கூட முப்பது கிலோமீட்டரைத் தாண்டாது. ஆக்ரா இரண்டாயிரத்துச் சொச்சம். மிச்சம் எவ்வளவு என்பதை வாசகர்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் பல தடவை கழித்துப் பார்த்துவிட்டேன்.

நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர டீச்சர். அப்போது பதினேழு வருஷ சர்வீஸ். அந்தப் பதினேழு வருஷமும் எட்டாம் வகுப்புக்கு ஷாஜகானைக் கட்ட வைத்து, அவுரங்கசீப்பைச் சண்டை போட வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க தாஜ்மகால் பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள். மதுரையைத் தாண்டி வடக்கே ஒரு எட்டு வைத்தவள் இல்லை நான். "பார்த்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். "உள்ள குளுகுளுன்னு இருக்குமா டீச்சர்?" என்றாள். "இருக்கும்" என்றேன். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை கை தூக்கினாலும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எப்படியாவது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடும் என்று ஏங்க ஆரம்பித்தேன். ஏக்கத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை என்பதும் உண்மை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிலருக்கு நகை மேல் இருக்கும், எனக்கு ஊர்கள் மேல்.

என் வீட்டுக்காரர் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருப்பவர். எண்பத்தெட்டு கடைசியில் ஒரு பழைய டீசல் அம்பாசடர் வாங்கினார். ஓட்டுவதற்கு இருளாண்டி வந்து சேர்ந்தார். இருளாண்டி அதற்குமுன் பதினான்கு வருஷம் லாரி ஓட்டியவர். நம் பக்கத்து மிளகாய் வத்தலை ஏற்றிக்கொண்டு நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டில்லி என்று போய் இறக்கிவிட்டு வருவார். இது தெரிந்த அன்றே நான் பள்ளிக்கூட அட்லஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் சாயங்காலம் இதே வேலைதான். கூடத்துத் தரையில் அட்லஸை விரித்து வைத்து நானும் இருளாண்டியும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். ஐதராபாத்தில் கோல்கொண்டா, குவாலியர் கோட்டை, ஆக்ரா, பத்தேபூர் சிக்ரி, டில்லி, ஜெய்ப்பூர் என்று நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவேன். இருளாண்டி ஒவ்வொரு வட்டத்துக்கும் வழி சொல்லுவார். "ஜான்சி தாண்டி ரோடு மோசம் டீச்சர், காத்தாலயே கடந்துறணும். குவாலியர்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் மெஸ் வச்சிருக்காக, ரசம் கெடைக்கும்." போக வர மொத்தம் இருபத்திரண்டு நாள் என்று தீர்மானமாயிற்று. மே மாதம் ஆக்ராவில் வெயில் கொளுத்துமே என்று யாராவது கேட்கலாம். வெயிலைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு லீவு கிடைப்பது மேயில்தான்.

இருளாண்டியிடம் ஒரு பழக்கம் இருந்தது. வழியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அங்க என்ன டீச்சர் பாக்கணும்?" என்று என்னைக் கேட்பார். தாஜ்மகாலின் நான்கு மூலையிலும் நிற்கிற மினார் தூண்கள் நான்கும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கட்டியவை, விழுந்தாலும் கட்டடத்தின் மேல் விழாமல் வெளியே விழட்டும் என்பதற்காக, என்று நான் சொல்வேன். இதை மட்டும் நாலைந்து தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அங்கே இத்தனை தடவை போய்வந்த மனிதருக்கு இதில் என்ன இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் பேப்பருக்குப் பின்னால் இருந்து "ம்" என்பார். ஏப்ரல் கடைசியில்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சாமிகிட்ட பூப்போட்டுக் கேட்டுருவோம். நம்ம வீட்ல கேக்காம எதுவும் செஞ்சதில்ல" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி, குலசாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் போட்டுவிட வேண்டும். குலசாமி கருப்பசாமி, பரளச்சிக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிறார். கேட்டுவிட்டு வந்து மறுநாள் புறப்படுவதாக ஏற்பாடு. என்னைப் பொறுத்தவரை வீட்டைவிட்டுக் கிளம்பிய நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டது. பயணத்துக்கென்று மதுரையில் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டேன். இருளாண்டியும் என்னைப் போலத்தான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "பரளச்சிக்கு எதுக்குப்பா பழம்?" என்று இவர் கேட்டதற்கு, "ஆக்ரா போற வண்டில்ல மொதலாளி" என்றார்.

காலை 6.35. பந்தல்குடி. தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்க, டீக்கடையில் பாட்டுச் சத்தம். டீ எழுபத்தைந்து காசு. பிளாஸ்கில் காபி இருந்தும் குடித்தோம், பயணம் என்றால் வழியில் டீ குடிக்க வேண்டும். உப்பு ஏற்றிய வண்டி ஒன்று வடக்கே திரும்பியது. "ராஜஸ்தான் வண்டி டீச்சர். அஞ்சாம் நாளு நம்ம போற எடத்துல அவன் இருப்பான்" என்றார் இருளாண்டி. அந்த வண்டியின் பின்பக்கம் தெரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ரோடு ஒற்றை வண்டிக்குத்தான் தாங்கும். இரண்டு பக்கமும் உழாமல் வெடித்துக் கிடக்கும் கரிசல். அதற்கு நடுவே சீமைக்கருவேலம். அங்கங்கே கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. களங்களில் கடைசிப் பறிப்பு வத்தல் காயப்போட்டிருந்தார்கள், கார் கண்ணாடியை ஏற்றியும் தும்மல் நிற்கவில்லை. கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்தன. தண்ணீர் என்று கண்ணில் பட்டது இருளாண்டி ரேடியேட்டருக்காக வைத்திருந்த கேன் மட்டும்தான்.

காலை 7.40. கோயில். பூசாரியும் அவருடைய ஆறு வயதுப் பேத்தியும் காத்திருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் செவ்வரளி ஒரு செடி, வெள்ளரளி ஒரு செடி. இருளாண்டி இரண்டிலும் பறித்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இவர் பீடத்துக்குப் பின்னால் போய், பேப்பர்த் துண்டில் மடித்து, நூலால் சுற்றிக் கட்டி எடுத்து வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன். பிள்ளை வரம் கேட்டபோதுகூட அப்படிக் கும்பிட்டதில்லை. குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

"சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு தாயி. இந்த வருசம் இல்லாட்டி என்ன?" என்றார் பூசாரி. நான் தலையை ஆட்டினேன். நாற்பது வயதுப் பெண்பிள்ளை கோயிலில் நின்று தாஜ்மகாலுக்காக அழுதால் ஊர் சிரிக்கும். இருளாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

மிச்சப் பொட்டலத்தைப் பூசாரி என் கையில் கொடுத்தார். ஊருணியில் போடலாம் என்று போனால், ஊருணி வறண்டு நடுவில் நாய் படுத்திருந்தது. "சும்மா அந்தா விட்டெறி" என்றார் இவர். "தண்ணியில போடணும்னு நீங்கதான சொன்னீக" என்றேன். "குடு, நான் போடுறேன்" என்று கை நீட்டினார். பொட்டலத்தோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு கிணறு பார்த்தோம், அதிலும் தண்ணீர் இல்லை. ஒரு கண்மாய், அதிலும் இல்லை. மடியில் இருந்த பொட்டலத்துக்குள் இருப்பது எனக்குக் கிடைக்காமல் போன வெள்ளைப் பூ. பிரிக்கக் கூடாது என்பது தெரியும். ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சாமியிடம் சொல்லிவிட்டு நூலை அவிழ்த்தேன்.

அதுவும் சிவப்பு.

"இருளாண்டி, வண்டிய நிப்பாட்டுங்க" என்றேன். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, ரேடியேட்டரைப் பார்க்கிற சாக்கில் அவர் இறங்கிக்கொண்டார். முன்சீட்டில் இருந்தவர் திரும்பவே இல்லை. கையை நீட்டிப் பூவைக் காட்டினேன்.

"சாமி வேண்டாம்னு சொல்லலை. நீங்கதான் சொல்லியிருக்கீக" என்றேன்.

 இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "இங்க வெவசாயம் பாக்குற நாப்பது ஊரு சம்சாரிக்கும் என்னையத் தெரியும். அண்ணாச்சின்னா எந்திரிச்சு நிப்பாக. அங்க போனா நான் யாரு? பாசை தெரியாது. ஆறாப்புப் படிச்சவன். நீ ஒவ்வொண்ணையும் காட்டிப் பேசுவ, இருளாண்டி வழி சொல்லுவாரு. நான் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கணும்."

"இத வீட்ல வச்சே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூவை அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். ஆனால் கண்ணாடியில் தெரிந்த அவர் முகம் வேறு யாருடையது போலவோ இருந்தது. பார்க்காத ஊரைப் பார்த்ததாகச் சொன்னவள் நான், சொல்லாத சாமியைச் சொன்னதாகச் சொன்னவர் அவர். யாரை யார் கேட்பது? இறங்கிப்போய், இருளாண்டியின் கேனில் மிச்சம் இருந்த தண்ணீரைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி, அந்தப் பூவை அதில் போட்டு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

காலை 9.20. திரும்பவும் பந்தல்குடி. இடது பக்கம் தூத்துக்குடி, வலது பக்கம் அருப்புக்கோட்டை, மதுரை, அப்புறம் எல்லாம். இருளாண்டி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மரத்தடியில் நாங்கள் பேசியது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

"நான் ஒண்ணு சொல்லணும் டீச்சர்" என்றார். "பதினாலு வருசத்துல ஆக்ரா எத்தன தடவ போயிருப்பேன்னு எனக்கே தெரியாது. தாஜ்மகாலு பாத்ததில்ல. லாரிய டவுனுக்குள்ள விடமாட்டாக. லோடு எறக்குனா அடுத்த லோடு. ஒரு தடவ பாலத்துல போறப்ப வெள்ளையா என்னமோ தெரிஞ்சுச்சு, அதுதானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்க கூடப் போயி பாத்துருவோம்னுதான் இத்தன நாளா லாரிக்குத் திரும்பாம இருந்தேன்."

இவர் பதறிப்போனார். "வேணா போயிட்டு வருவோம். பொறப்படுவோம், நாளைக்கே பொறப்படுவோம்" என்றார். சொன்னபோது கை வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபிறகு என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு நாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நான் எந்தக் கோட்டையைப் பார்ப்பது?

"வீட்டுக்குப் போவோம் இருளாண்டி" என்றேன்.

வீட்டுக்கும் ஆக்ராவுக்கும் ஒரே ரோடுதான். பன்னிரண்டு கிலோமீட்டர் வரை அந்த வண்டி எங்கே போகிறதென்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. வாசலில் நிறுத்தியபிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் இறங்கி உள்ளே போய்விட்டார். "ஆஃப் பண்ணிரவா டீச்சர்?" என்று கேட்டார் இருளாண்டி. "பண்ணிருங்க" என்றேன். என் ஆசையை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை உண்டு. அவருடையதையும் சேர்த்து விட்டுக்கொடுக்க யார் எனக்கு உரிமை கொடுத்தது என்பதை அன்று யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் எட்டாம் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டேன், நான் தாஜ்மகால் பார்த்ததில்லை, ஒரு தடவை கிளம்பினேன், பரளச்சி வரை போனேன் என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவருஷம் இருளாண்டி சொல்லிக்கொண்டு மறுபடி லாரிக்கே போய்விட்டார்.

1993 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு பொட்டலம் ஆக்ராப் பேட்டா, வெள்ளைப் பூசணி மிட்டாய்.

"பாத்துட்டேன் டீச்சர்" என்றார். "லோடு கெடைக்காம ரெண்டு நாளு கெடந்தோம். குளிச்சுட்டு வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போனேன். நீங்க சொன்னது சரிதான், நாலு தூணும் வெளிய சாஞ்சுதான் நிக்கிது. உத்துப் பாத்தாத்தான் தெரியுது."

"உள்ளே எப்படி இருந்தது? குளுகுளுன்னு இருந்துச்சா?"

"உள்ள போகல டீச்சர்" என்றார். "அந்தச் செவப்பு வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். உள்ள நம்ம எல்லாரும் சேந்து போறதாத்தான பேச்சு."

 சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மட்டும் சொல்லி உள்ளே வந்தேன். கூடத்தில் இவர் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இலை போட்டு முடிக்கிறவரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. இருளாண்டி கை கழுவப் போனதும் பேப்பரைக் கீழே வைத்தார்.

"முழுப்பரீட்சை லீவு என்னைக்கு விடுறாக?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் தேதியைச் சொன்னேன்.