சோலையோடு போடாத சண்டை

குத்துச்சண்டையில் அடி வாங்காமல் இருக்க இரண்டு வழி உண்டு: ஒன்று கால் வேகம், இன்னொன்று, யாரோடு மோதக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது. எழுபதுகளில் மதுரையில் ஒரு மில் டீமுக்காக க்ளவுஸ் மாட்டிய எனக்கு இரண்டுமே கைவந்த கலை. மில்லில் வேலை கிடைத்ததே இந்தக் கையால்தான். நான் தோற்றதே இல்லை. விளாங்குடி சோலையோடு மோதியதும் இல்லை. அவனை ஜெயித்திருப்பேனா என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்களிலும் ஒரு ஆளை, ஒரு பரீட்சையை, ஒரு பெண் வீட்டு வாசலை இப்படிச் சுற்றிக்கொண்டு போனவர்கள் இருப்பீர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

பதினாறு இட்லி

சோலை ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். என்னைவிட நாலு வயது சின்னவன். ஒருநாள் அவன் இடது கையால் ஒருவனை விலாவில் குத்தியதைப் பார்த்தேன். வாங்கியவன் கத்தவில்லை, மெதுவாக உட்கார்ந்துவிட்டான். இவனோடு மட்டும் மோதக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நாங்கள் இருவரும் அறுபது கிலோப் பிரிவு. ஜில்லா போட்டி அன்று காலையில் எடை பார்ப்பார்கள். அறுபதைத் தாண்டினால் அடுத்த பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அங்கே சோலை இருக்கமாட்டான். விடிந்ததும் காளவாசலில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பன்னிரண்டு இட்லியும் சொம்பு சொம்பாகத் தண்ணீரும் இறக்கினேன். "எடை பாக்கப் போறேன், இன்னும் நாலு வைங்க" என்றதற்கு சர்வர் கேட்டார்: "கோயில்ல துலாபாரமாண்ணே?"

மாலை

மேல் பிரிவிலும் ஜெயித்தேன். அங்கே இருந்தவர்கள் கனத்த ஆட்கள், ஆனால் மெதுவான ஆட்கள். ஒவ்வொரு வருஷமும் அதே ஓட்டல், அதே இட்லி, அதே கப்.

ஒருமுறை தேனிப் பக்கத்து ஆள் ஒருவரை இரண்டாவது ரவுண்டிலேயே உட்கார வைத்தேன். மில்காரர்கள் மாலை போட்டு என்னைத் தோளில் தூக்கினார்கள். தோற்றவர் நல்ல மனுஷன். வீங்கிய உதட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கை கொடுத்தார். விகல்பமில்லாமல்தான் கேட்டார்: "நல்லாத்தான் குத்துறீகண்ணே. சோலையவும் இப்படித்தான் குத்துவீகளா?"

காய்ச்சல்

ஊர் முழுக்க இதே கேள்வி வந்ததால், எடைப் பிரிவெல்லாம் பார்க்காமல் எங்கள் இருவருக்கும் தனியாக ஒரு சண்டைக்கு நாள் குறித்துவிட்டார்கள். போஸ்டரும் ஒட்டியாயிற்று. அன்று காலையில் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல் என்று படுத்துவிட்டேன்.

எங்கள் பயிற்சியாளரை மாஸ்டர் என்போம். வீட்டுக்கே வந்தார். என் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவும் இல்லை. திட்டுவார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எழுந்து, போர்வையைச் சரியாக இழுத்துவிட்டுச் சொன்னார்: "உடம்பு சுடலப்பா. தூங்கு."

எடை மெஷின்

அந்தக் கை என்னைத் தூங்கவிடவில்லை. தோற்றால் வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். 'தோற்காதவன்' என்ற பேர் போய்விடும் என்பதுதான் பயம். அந்தப் பேரை வைத்துக்கொண்டு கண்ணாடியில்கூட முகம் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஜில்லா போட்டிக்கு முன்னால் மூன்று மாதம் வயிற்றைக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, மறுபடி பின்வாங்கினால் சிரிப்பார்களே. அன்று காலை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷினில் ஏறினேன். அறுபதுக்குக் கொஞ்சம் கீழே. எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சோலையை ஆசையோடு தேடினேன். எனக்குப் பின்னாலேயே அவனும் ஏறினான். கன்னம் உப்பியிருந்தது. அறுபத்திரண்டு கிலோ. முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் செத்துப்போயிற்று. "அய்யய்யோ, கீழ இறங்கிட்டீகளாண்ணே? உங்களப் புடிக்கத்தானே ரெண்டு மாசமா தின்னு தின்னு மேல ஏறி வந்தேன்!"

பக்கத்து இலை

எழுதியது எழுதியதுதான், மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அவன் பிரிவில் அவன் ஜெயித்தான், என் பிரிவில் நான். தனியாக ஒரு சண்டை வைக்கச் சொல்லி ஆள் ஆளாகக் கெஞ்சினேன். காய்ச்சல்காரனை நம்பி இன்னொரு தடவை போஸ்டர் அடிக்க யாரும் தயாராக இல்லை. அதற்குள் ஓசூரில் வேலை கிடைத்துச் சோலை போய்விட்டான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் சோலை. தொந்தி போட்டிருந்தது. பிள்ளைகள், வாடகை, ஓசூர்க் குளிர் என்று எல்லாம் பேசினோம். அவன் இடது கை மடியில் சும்மா கிடந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை. அந்தக் கையிடம் ஒரு குத்து வாங்கிவிட்டாவது வீட்டுக்குப் போகலாம் போல இருந்தது. பாயசம் வருவதற்குள் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு மோதியிருந்தா யாரு ஜெயிச்சிருப்பா சோலை?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இலையைப் பார்த்தபடி சொன்னான்: "ஒரே ஒரு நாள் வந்திருந்தீகன்னா, ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்குமேண்ணே."

ரிங்கில் என்னை ஒருத்தன்கூடச் சாய்த்ததில்லை. நான் விழுந்தது அந்தக் கல்யாணப் பந்தியில், கையில் பாதி அப்பளத்தோடு.