இடது முன்சக்கரம்

அம்மாவுக்கு அப்போது ஏழாவது மாதம். மாதம் ஒருமுறை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். அது பஸ்ஸைவிட அதிகமாகக் குலுங்கியது. அதைச் சொல்லும் தைரியம்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

குலுக்கலோடு ஒரு சத்தமும் உண்டு. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்னால் இடது பக்கம் 'டொக்' என்று கேட்கும். ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தால் வண்டி தானாகவே இடது பக்கம் ஒதுங்கும். "ரோடு சரியில்ல" என்பார் அப்பா. புதிதாகத் தார் போட்ட சாலையிலும் அதையேதான் சொன்னார்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இறகுப்பந்து காருக்கடியில் போய்விட்டது. இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியபோது விரலில் ஏதோ குத்தியது. படுத்துக்கொண்டு பார்த்தேன். டயரின் வெளிப்பக்கம் வரிவரியாக நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கமோ வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் ரப்பர் பிய்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் வந்த விரலோடு அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா வந்து நின்றபடியே பார்த்தார். நின்று பார்த்தால் வெளிப்பக்கம்தான் தெரியும். "நல்லாதான இருக்குது. அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத, பயந்துக்கும்" என்றார்.

அம்மா பயப்படக் கூடாது என்பதால் அவளுடைய பயத்தையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குக் கிளம்பினோம். அம்மா முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். அவள் காலடியில்தான் அந்தச் சக்கரம். பின்சீட்டிலிருந்து அவள் தோளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு 'டொக்'குக்கும் அவள் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அப்பா ஒதுங்கினார். ஸ்டியரிங் அவர் கையில் வெடவெடவென்று ஆடியது. வண்டி சாலையோரத்தை நோக்கி இழுத்தது.

"நிறுத்துப்பா! டயர்ல கம்பி வெளிய வந்துடுச்சுப்பா!" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "கொழந்த சொல்றது நெஜமாங்க?" என்றாள். அப்பா வேகத்தைக் குறைத்தார். வண்டியை ஊர்வதுபோல் கூட்டேரிப்பட்டு வரை ஓட்டி, சர்வீஸ் ரோட்டில் இருந்த ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினார்.

மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டினார். சக்கரம் விழப்போகும் பல்லைப்போல் அசைந்தது. காருக்குள் கேட்ட அதே 'டொக்' இப்போது வெளியே, எல்லார் முன்னாலும் கேட்டது.

"சக்கரத்தத் தாங்கிப் புடிக்கிற பால் ஜாயின்ட் சுத்தமா போயிடுச்சுங்க. சக்கரம் நேரா நிக்கல, அதான் டயர உள்பக்கமா தின்னுட்டிருக்குது. ஸ்பீடுல கழண்டிருந்தா சக்கரம் அப்படியே மடங்கியிருக்கும்." டயரின் உள்பக்கம் கைவிட்டுத் தடவினார். "யாரு பாத்தது இத?"

அம்மா என் தலையில் கைவைத்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் ஜாயின்ட் திண்டிவனத்திலிருந்து வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பக்கத்து டீக்கடை பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா எங்களோடு உட்காரவில்லை. அவர் கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். சொல்லக் கூடாது என்றதைச் சொல்லிவிட்டேனே! வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்ற பயம் டயர் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

புது ஜாயின்ட்டைப் பொருத்தி, தேய்ந்த டயருக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டினார்கள். "வீல் அலைன்மென்ட் மட்டும் விழுப்புரத்துல பாத்துக்கோங்க. இப்ப ஏறுங்க, போலாம்" என்றார் மெக்கானிக். நான் எழுந்து ஓடினேன். அப்பா கதவைத் திறக்கவிடவில்லை.

"நீங்க இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனார்.

"அப்பா நம்மள வுட்டுட்டுப் போவுதாம்மா?" என்று அழுதேன். அம்மா சாலையையே பார்த்தபடி, "இருடி, வரும்" என்றாள்.

வந்தார். நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனார். மறுபடி வந்தார், இன்னும் வேகமாக. வேகத்தடையில் ஏற்றி இறக்கினார், சடாரென்று பிரேக் போட்டார், வளைத்து ஓட்டினார். மூன்று முறை எங்களைக் கடந்தார். ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. என்னை ஏற்றிக்கொள்ள மனம் வராமல்தான் அப்பா இப்படிச் சுற்றுகிறார் என்று நம்பினேன். கடைசியில் வண்டி எங்கள் முன்னால் நின்று, அவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றபோதும், அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேதான் ஏறினேன்.