தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ஒரே பிள்ளைக்காக இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் மாரியம்மனிடம் அழுதால், அவள் யாருடைய அழுகையைக் கேட்கிறாள்? நாலு வருடமாக எனக்குள் இருக்கும் கேள்வி இது. இன்றுவரை பதில் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான், அவளை நம்புகிற உங்கள் முன்னால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கரூர். என் கணவருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. 2004-இல் அவர் ஒரு பழைய வேனை வாங்கி, படுக்கை, அலமாரி, சின்னச் சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஒரு வீடாகவே மாற்றினார். கோயில் கோயிலாகப் போகிறவர்களுக்கு இப்படி வண்டி கட்டிக் கொடுத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. முதலில் நாமே போய்ப் பார்ப்போம் என்று சித்திரை மாதக் கடைசியில் கிளம்பினோம். அவர், நான், இரண்டரை வயது சரவணன். திருச்செந்தூர் போய்க் கன்னியாகுமரி வரை போவதாகத் திட்டம்.

வழியில் சிவகாசிக்குப் போய், வண்டியைப் பற்றி நோட்டீஸ் அச்சடிக்க ஆர்டர் கொடுத்தார். அங்கிருந்து கிளம்பி நாரணாபுரம் பக்கம் வந்தபோது கியர் பாக்ஸ் உடைந்து வண்டி நின்றுவிட்டது. சரவணன் காலையிலிருந்தே சோர்ந்துதான் இருந்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்போதே உடம்பைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டுமோ?

பிள்ளைக்குப் பால் காய்ச்சலாம் என்று அடுப்பை எடுத்து வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தேன். ரோட்டில் போன ஒரு பெண் தலைச்சுமையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏ தாயி! கொளுத்திறாதீக! அந்தச் செவுரு தெரியலையா? அங்கிட்டுப் பூராம் வெடி மருந்து. இந்த எடத்துல பீடி குடிக்கிறவன்கூட மூச்ச அடக்கிக்கிட்டுப் போவான்."

என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள்தான் பேச்சியம்மாள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் வேலை விட்டு வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கைகளில் மருந்துப் பொடி வெள்ளியாக மின்ன, வண்டியைத் தள்ளினார்கள்.

"ஏலே, பையத் தள்ளுங்கலே! உள்ள சட்டி பானை உருளுது."

"அண்ணாச்சி, இதுக்குக் கட்டுறது வீட்டு வரியா, ரோட்டு வரியா?"

"பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டா வீட்ட விட்டு வெளிய போகவும் முடியாது. வீடும் கூடயே வந்துரும்!"

என் கணவரும் சிரித்துவிட்டார். ஊருக்குள் மாரியம்மன் கோயில் பொட்டலில், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வெகுநாள் நாங்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை சரவணனின் வயிற்றில் நீர் கோத்த கொப்புளங்கள். பழைய சோற்று நீச்சத்தண்ணீர் கொண்டு வந்த பேச்சியம்மாள், அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்கா, தங்கச்சி. பயப்படாதீக."

நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். அம்மை ஒரு வைரஸ் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் என் கைகளும் தானாகக் குவிந்தன. சிவகாசியில் டாக்டரிடம் காட்டினோம். சின்னம்மைதான், மருந்து கொடுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், அலைக்கழிக்காதீர்கள் என்றார். ஊர்க்காரர்கள் அதையே வேறு மாதிரி சொன்னார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வண்டிக் கதவில் வேப்பிலை செருகினார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று எங்கள் அடுப்பையே மூடச் சொல்லிவிட்டு, அவர்களே கேப்பைக் கூழும் மோரும் இளநீரும் கொண்டுவந்தார்கள். யாரென்றே தெரியாத எங்களை அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அன்பே எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பேர் இரக்கப்படுகிறார்கள் என்றால், என் பிள்ளைக்கு நான் நினைப்பதைவிட மோசமாக இருக்கிறதோ?

பேச்சியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயிலில் மாவிளக்கு ஏற்றுவாள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு நேராக எங்கள் வண்டிக்கு வந்துவிடுவாள். சரவணனை வேப்பிலையால் வருடிக்கொண்டே இருப்பாள். அவனும் அவள் கைக்குத்தான் அடங்குவான்.

வண்டி சரியாகிவிட்டது. "இன்னும் எதுக்கு இங்க நிக்கோணும்? ஊருக்குப் போயிரலாம்" என்றார் கணவர். தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். டாக்டரும் அலையக் கூடாது என்றாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கொப்புளங்கள் காய ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சல் மறுபடி ஏறியது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஊர் எல்லைக்குள்ளேயே இருந்த ஒரு டாக்டரிடம் ஓடினோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார் டாக்டர். துணிமணி எடுக்கப் பொட்டலுக்கு வந்தோம். உச்சி வெயில். விஷயம் தெரிந்து ஊர்ப் பெண்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "எல்லையாவது ஒண்ணாவது. ஏறு!" என்று கத்தினார். எனக்கும் அது தெரியும். ஆனால் படியில் வைத்த கால் மேலே ஏற மறுத்தது. தாண்டிப் போய்ப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தாண்டியதால்தான் என்பார்கள். தாண்டாமல் ஏதாவது ஆகிவிட்டால் நானே கொன்றவள். எந்தப் பக்கமும் வழி இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு இருட்டான பகல் அதற்கு முன் இல்லை.

அப்போது பேச்சியம்மாள் தன் வீட்டிலிருந்து முறத்தில் ஒரு படி தவிட்டைக் கொண்டு வந்தாள்.

"தங்கச்சி, பிள்ளய எனக்குத் தவிட்டுக்குக் குடுத்துரு. எம்பிள்ளைன்னா இவன் இந்த ஊருப் பிள்ள. ஊருப் பிள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும், திரும்பி வீட்டுக்கு வரும். அது எல்ல தாண்டுன கணக்கு இல்ல. ஆத்தாளுக்கும் கோவம் வராது. தண்ணி ஊத்துற அன்னிக்கி நான் கேக்கேன், நீ தவிட்டக் குடுத்துட்டுப் பிள்ளயத் திருப்பிக்கோ."

பிழைக்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்கிற வழக்கத்தை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். என் கையால் செய்வேன் என்று நினைத்ததில்லை. வண்டி உறுமிக்கொண்டே நின்றது. கோயில் வாசலில் அவள் மடி விரித்தாள். அவள் மடியில் என் பிள்ளையைக் கிடத்தினேன்.

"வாயத் தொறந்து சொல்லு, தாயி" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"இவன் என் பிள்ளை இல்லை. உங்கள் பிள்ளை" என்றேன்.

பேச்சியம்மாள் முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வண்டியில் ஏறினாள். இந்தத் தடவை என் கால் ஏறியது.

மதுரை ஆஸ்பத்திரியில் தனி வார்டுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள்.

"பிள்ளையோட அம்மா யாரு?" என்று கேட்டார் நர்ஸ். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, அம்மா யாரு?"

நான் என்று சொன்னால் கோயில் வாசலில் சொன்னது பொய்யாகிவிடும். என் பிள்ளையோடு உள்ளே போகாவிட்டால் நான் என்ன தாய்? ஒரு நொடியில் இரண்டையும் நினைத்தேன்.

"இவங்கதான்" என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. கணவர் என் பக்கம் திரும்பாமல் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே வந்த டாக்டர், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் தாழ்வாரத் தரையில் உட்கார்ந்தேன். அதுவரை அம்மனிடம் எப்படி எப்படியோ கேட்டுவிட்டேன். பொங்கல் வைக்கிறேன், தீச்சட்டி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று எல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. கொடுப்பதற்கு என்னிடம் வேறொன்றும் மிச்சமில்லை. கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்.

"தாயே, எனக்குக் கொடுக்க வேண்டாம். உள்ளே இருக்கிறவளுக்காவது கொடு. அவள் பிள்ளையாகவே இருக்கட்டும். உயிரோடு இருக்கட்டும்."

வேறு எதையும் கேட்கவில்லை. நம்பிக்கையோடு வேண்டினேன் என்று சொன்னால் பொய். நம்பிக்கை துளியும் இல்லாமல்தான் வேண்டினேன்.

விடிந்ததும் கதவு திறந்தது. பேச்சியம்மாள் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏத்தா, காச்ச விட்ருச்சு. மூச்சு நேராயிருச்சு. இட்லி வேணுமாம் தொரைக்கு!"

அதற்குப் பிறகு அவளும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். உள்ளே அவளும் விடிய விடிய வேண்டியிருக்கிறாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்குத்தான் திரும்பினோம். பேச்சியம்மாளின் வீட்டுக்கு. அவன் தேறும்வரை மறுபடியும் அதே பொட்டலில் எங்கள் வண்டி நின்றது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை அவனுக்குத் தலைக்கு ஊற்றினார்கள். நான் தவிட்டை ஒரு துணிப்பையில் கட்டித் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தலை துவட்டினாள், புதுச்சட்டை போட்டுவிட்டாள், வண்டியில் ஏற்றிவிட்டாள்.

"பதனமாப் போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

நானும் பையை நீட்டவில்லை. அவளுக்குக் கொடு என்று அம்மனிடம் சொன்ன வாயால், எனக்குத் திருப்பிக் கொடு என்று எப்படிக் கேட்பது? திருச்செந்தூர் போகவில்லை. கரூருக்கே திரும்பிவிட்டோம்.

அன்றிலிருந்து நான் பழைய ஆள் இல்லை. வருடா வருடம் அந்தக் கோயில் பொங்கலுக்குப் போய்த் தீச்சட்டி எடுக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் தயங்காமல் போய் நிற்கிறேன், டாக்டரிடமும் கூட்டிப்போகிறேன். அந்தக் கனவு வண்டியை என் கணவர் விற்றுவிட்டார். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் போகும்போதெல்லாம் பேச்சியம்மாள் சரவணனை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. "எம்பிள்ள வந்துட்டான்லே!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். தவிட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் பையைக் கொண்டுபோகிறேன். அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறேன்.

கையில் ஒன்றும் இல்லாமல், மனதில் நம்பிக்கைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் இதைப் படித்தால், ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். மருத்துவரிடம் போங்கள், தாமதிக்காதீர்கள். நம்பிக்கை இல்லையென்றாலும் அவளைக் கூப்பிடுங்கள். நம்பினால்தான் வருவேன் என்று அவள் காத்திருப்பதில்லை. எனக்கு வந்தாள்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். வருகிற வைகாசியில் சரவணனுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடி என் அண்ணன் மடிதான் என்று எங்கள் வீட்டில் முடிவாகி, அவர் கடுக்கனும் எடுத்துவிட்டார். போன வாரம் பேச்சியம்மாளின் தம்பி கரூருக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதிலும் கடுக்கன்.

"அக்கா மகனுக்கு மாமன் நான்தான? எப்பக் கெளம்பி வரணும்னு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார். என் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். தவிட்டை அவள் முன்னால் வைத்துப் பிள்ளையைத் திருப்பிக்கொண்டு வா, அதற்குப் பிறகுதான் காது குத்து என்கிறார் மாமியார். கணவர், உன் விருப்பம் என்கிறார்.

வைத்தால் பேச்சியம்மாள் மறுக்கமாட்டாள். பையைப் பேசாமல் வாங்கிக்கொள்வாள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. வைக்காமல் விட்டால், என் பிள்ளைக்கு நான் யார்? அம்மன் முன்னால் வாயால் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கலாமா? வாங்கினால் அம்மன் கொடுத்த உயிருக்கு ஏதும் குறை வருமா? இப்படிப் பிள்ளையைக் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள், விவரம் தெரிந்த பெரியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். என் மகனை யார் மடியில் உட்கார வைப்பது?